அரை வசனம்

9 ஜனவரி 1968, செவ்வாய்

சாராள் அக்காவின் வயிற்றுக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா மாட்டேன் என்கிறாள். புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து அவள் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையில், உலகத்தில் உபத்திரவம் உண்டு என்றிருந்ததாம். "இந்த வருஷத்துக்கு ஆண்டவர் எனக்குக் குடுத்தது இதான்டா. அதுல போய் கத்தி வைக்கறதா?"

சபைக்கு அந்த நூறு அட்டைகளையும் எழுதியவன் நான். அட்டை சின்னது. தைரியமாயிருக்கச் சொல்லும் வசனத்தின் பின்பாதியைப் பின்பக்கம் எழுதலாம் என்று விட்டுவைத்தேன் — மறந்தே போனேன்.

10 ஜனவரி

அவளிடம் சொல்லவில்லை. கோழை.

13 ஜனவரி, சனி

உபத்திரவம் — வேதத்தின் கிரேக்க மூலத்தில் என்ன சொல்லாக இருக்கும்? உண்மையைச் சொல்லவேண்டிய நேரத்தில் எனக்கு இந்த ஆராய்ச்சி! சேலையூரில் தேவானந்தம் சார் வீட்டுக்குப் போனேன். குருமார்களுக்குக் கிரேக்கம் கற்றுக்கொடுத்தவர்.

'த்லிப்சிஸ்' என்றார். நெருக்கம், அழுத்தம் என்று அர்த்தமாம். பிரசவ வேதனைக்கும் அதே சொல். வேதத்தில் இன்னோர் இடத்தில் கூட்டம் இயேசுவை நெருக்குகிறது. அங்கே அதன் வினைச்சொல். நெருக்காதபடி ஒரு படகைத் தயாராக வைக்கும்படி இயேசு சீடர்களிடம் சொல்கிறார்.

"அவரே படகு கேட்டாரா சார்?"

"கேட்டாரே. நசுங்கிக்கிட்டு நிக்கலையே!"

எத்தனை முறை படித்த இடம்! படகு கண்ணில் படவேயில்லை.

14 ஜனவரி, ஞாயிறு

அக்காவிடம் படகைப் பற்றிச் சொன்னேன். "டாக்டர்தான் படகுன்னு சொல்ல வர்றியா?" என்று சிரித்தாள். "ஆனா அந்த அட்டை எனக்குத்தானே வந்துச்சு?"

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"நீ மறந்ததா? ஆண்டவர் குடுத்ததுன்னு ரெண்டு வாரமா வலியப் பொறுத்துக்கிட்டுக் கிடந்தேனேடா!"

உள்ளே போய்விட்டாள்.

22 ஜனவரி

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாளாம். அத்தான் சொல்லித்தான் தெரியும்.

2 பிப்ரவரி

கட்டியை எடுத்தாயிற்று. புற்று இல்லை. போய்ப் பார்த்தேன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாளே, போதும்.

31 மார்ச், ஞாயிறு

ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா முதல்முறையாகக் கோயிலுக்கு நடந்து வந்தாள். ஆராதனை முடிந்ததும் நேரே தேவானந்தம் சாரிடம் போனாள்.

"மன்னிக்கறதுக்கு அந்த பாஷையில என்ன சார்?"

"ஒண்ணுக்கு மேல இருக்கும்மா. ஒரு சொல்லுக்கு, கையில பிடிச்சிக்கிட்டிருக்கறத விட்டுடறதுன்னு அர்த்தம்."

அக்கா யோசித்தாள். "அவ்வளவு சுலபமா இருக்காது சார்."

பிறகு, பதினோரு வாரத்துக்கு அப்புறம், என்னைப் பார்த்துப் பேசினாள். "போய் ரிக்ஷா கூட்டிட்டு வாடா. திரும்ப நடக்க என்னால ஆகாது."