பட்டுச் சட்டைக்கு ஒன்பது மார்க்

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு, கோலாலம்பூரிலிருந்து ஃபெபியின் தோத்திரம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? தரங்கம்பாடியில் மழை விட்டதா? நான் சுகம்.

போன ஞாயிறு குங்ஃபூ போட்டியில் என்னையும் நடுவராக உட்கார வைத்தார்கள். எதிராளி இல்லாமல், பழைய முறைப்படி அடவுகளைச் செய்துகாட்டும் பிரிவு. பட்டுச் சட்டைக்காரன் ஒருவன் கத்தினான், கரணம் போட்டான், இறங்கும்போது தடுமாறினான். குத்து எங்கே போகிறதென்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்து நடுவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பத்துக்கு ஒன்பது போட்டார்கள். அடுத்து வந்த சீனப் பெண் நடவு வயலில் நிற்பதுபோல் கால் ஊன்றிச் செய்தாள். அவளுக்கு ஆறு மார்க்தானாம்! இந்த மேதாவிகளுக்கு சர்க்கஸ் போதும்.

நான் அவனுக்கு ஐந்து போட்டேன். தலைமை நடுவர், நம் கும்பகோணத்துக்காரர்தான், ஓடி வந்தார்.

“ஸ்பான்சரோட மகன்மா, கொஞ்சம் ஏத்திப் போடுங்க.”

“சட்டைக்குத் தனியா மார்க் இருந்தா சொல்லுங்க சார், போடுறேன்.”

என்னை எழுப்பிவிட்டு வேறொருவரை உட்கார வைத்தார். நான் குங்ஃபூ சொல்லித்தரும் பள்ளியும் அவருடையது, இனி வரவேண்டாமாம். கவலைப்படாதீர்கள், வேறு இடம் கேட்டிருக்கிறேன்.

ஜாய்ஸ் அக்கா ஊரிலிருந்து இங்கே வரும்போது நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். ஒரு கேசட்டில் பேசியும் அனுப்புங்கள். என்னைத் திட்டினாலும் பரவாயில்லை, இரண்டு பக்கமும் பேசுங்கள்.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்
ஃபெபி