கொட்டாவி விட்ட ஞாயிற்றுக்கிழமைகள்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் மூவரும் சுகம். மூவரில் உன் பஞ்சுவும் சேர்த்தி.

போன ஞாயிறு நீ போனை வைத்த பிறகு நடந்ததை எழுதுகிறேன். பஞ்சு அப்பாவைப் பார்த்து உறுமிவிட்டது. அவர் முகம் சுண்டிப்போனது. "பெத்ததும் மதிக்கல, வளத்த நாயும் மதிக்கல. இந்த வாரத்துக்குள்ள யார்கிட்டயாவது குடுத்துடு" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

எதையும் எழுதி வைக்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும் என்பது உனக்குத் தெரியும். நீ போனதிலிருந்து பஞ்சு செய்வதையெல்லாம் தேதி, நேரம் போட்டு நோட்டில் எழுதி வருகிறேன். கொட்டாவி விட்டால் 'தூக்கம்', உதட்டை நக்கினால் 'பசி'. பசி என்று எழுதிய போதெல்லாம் சாப்பாடு வைத்ததில் இப்போது பூசணிக்காய் மாதிரி இருக்கிறது.

செவ்வாயன்று நோட்டோடு நாய் டாக்டரம்மாவிடம் போனேன். படித்துவிட்டுச் சிரித்தார். "இது தூக்கமும் இல்ல, பசியும் இல்லம்மா. பயம். 'கொஞ்சம் விடுங்க'ன்னு மரியாதையா கேக்குது. பதினோரு தடவ கேட்டுட்டுத்தான் உறுமியிருக்கு. நீங்களே எழுதி வெச்சிருக்கீங்களே" என்றார்.

பதினொன்றும் ஞாயிறு, நீ பேசி முடித்த நேரம். நோட்டில் நான் எழுதாதது ஒன்று உண்டு. நீ போனை வைத்ததும் அப்பா பஞ்சுவை இறுகக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பார். நான் பார்த்தும் பாராதது போல் பிரார்த்தனைக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் நோட்டைக் கொடுத்தேன். வெகுநேரம் படித்தார். "அப்போ இதுக்கு என் மேல கோபம் இல்லையா?" என்று கேட்டார். டாக்டரம்மா சொன்னபடி, வலிக்கும் முழங்காலோடு தரையில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்து, சுவரைப் பார்த்தபடி இருந்தார். நான் பாத்திரம் கழுவி முடித்து வந்து பார்த்தால், பஞ்சு தானாக வந்து அவர்மேல் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தது. கொடுத்துவிடும் பேச்சை அதன்பின் அவர் எடுக்கவில்லை.

எட்டு மாதமாக நீங்கள் இருவரும் பேசவில்லை. யார் செய்தது சரி என்று நான் கேட்கப் போவதில்லை. வரும் ஞாயிறு, "அப்பா பக்கத்துல இருக்காரா" என்று ஒரு வார்த்தை கேள். அவர் வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் போனை அவர் காதில் வைத்துவிடுவேன். உடனே பேசமாட்டார். அதுவரை நீ வைத்துவிடாதே, ராஜா.

ஆண்டவன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அம்மா