டீமில் இடமில்லாத அக்கா

நிரூபன்,

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வைச்சிருக்கிறன். சூடாக்கித் தின். நான் பேராதனைக்கு வேலைக்குப் போறன். உன்னை எழுப்பிக் கதைக்க எனக்கு மனமில்லை.

நேற்று நாங்கள் விளையாடுற ஒன்லைன் கேமில அப்டேட் வந்து, காயம் ஆத்துற ஹீலருக்குச் சக்தியைக் குறைச்சுப்போட்டாங்கள். அது அவங்கட வேலை. ஆனா அஞ்சு பேர் டீமில இருந்து என்னைத் தூக்கிப்போட்டு, முகம் தெரியாத கொழும்புக்காரன் ஒருத்தனை, வாள்வீரன் எண்டதுக்காகச் சேர்த்தது நீ. இவ்வளவு காலமும் நீ அடிபட்டு விழ விழ எழுப்பினது ஆர்? கேட்டால், "அக்கா, இனி ஹீலரால பிரயோசனம் இல்லை" எண்டு திரும்பியும் பாராமல் சொன்னாய்.

போன மாசம் பொலிஸ் சுற்றிவளைப்பில, அடையாள அட்டை இல்லையெண்டு உன்னைப் பிடிச்சுக்கொண்டு போகேக்க, ஸ்டேஷன் வாசலில மழைக்குள்ள நிண்டவளுக்கு என்ன சக்தி இருந்தது? அண்டைக்கு என்ர இடத்தில ஆரைப் போட்டிருப்பாய்?

வெளிய போனால் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கீழ்வீட்டு அன்ரியிட்டைக் குடு.

அக்கா

உன்ர அடையாள அட்டை அலுமாரிக்கு மேல கிடக்கு. அதை எடுக்காமல் முன்கடைக்கும் போகாதே. மறந்துபோய்ப் பிடிபட்டால் அந்த வாள்வீரனுக்குப் போன் பண்ணு. வந்து வாசலில நிக்கிறானோ பாப்பம்.