கம்பிதான் முதலில் அறுபட வேண்டும்

அன்புள்ள தம்பி,

முதலாளி இரக்கப்பட்டு என்னை வேலைக்கு வைத்திருப்பதாக உறவினர்கள் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளின் நுனியில் இறுக்கிய பூண்களை அளந்து பார்ப்பது என் வேலை. என் கையெழுத்தில்லாமல் ஒரு கம்பியும் படகில் ஏறாது.

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

செவ்வாயன்று, ஒரு பூண் சரியாக இறுகவில்லை என்று நிறுத்தினேன். ஒரு தம்பதி கைக்குழந்தையோடு அன்றே கடலுக்குக் கிளம்பவிருந்த படகு அது.

"முடியளவு வித்தியாசம், அதுக்குப் போயி இப்படியா?" என்று அதை இறுக்கியவர் கத்தினார்.

"மெஷின்ல இழுத்துப் பாருங்க. பூண் தாங்குச்சுன்னா நாளையிலேருந்து நான் வரல" என்றேன்.

பூண் சரியாக இறுகியிருந்தால், அப்படி இழுக்கும்போது கம்பிதான் முதலில் அறுபட வேண்டும். ஆனால் பாதிப் பளுவிலேயே பூண் உருவிக்கொண்டு வந்துவிட்டது, கம்பிக்கு ஒன்றுமில்லை.

முதலாளி அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். "அம்மாகிட்ட இனிமே யாரும் வாயாடாதீங்க. எல்லாப் பூணையும் மாத்துங்க" என்றார். படகு மறுநாள் பத்திரமாகப் புறப்பட்டது.

இதை உறவினர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டு.

பட்டறையில் குளிர் அதிகம். வீட்டு அலமாரியில் உன் அத்தான் கடைசியாகப் போட்டிருந்த கம்பளிச் சட்டை இருக்கும். துவைக்காமல் அப்படியே அனுப்பு. மதிய மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன்.

போனில் பேசி முடித்துவிடாதே. பதிலை உன் கையால் எழுதி அனுப்பு.

உன் அக்கா