பெரிய பங்கு

நாள் 212, 06:00
வழக்கமான பதிவு. நான் இசக்கியம்மாள், நிலவுத்தளத்தின் பராமரிப்புப் பொறியாளர். இங்கே இருப்பது நானும் செல்வினும்தான். சரக்குக் கலம் வர இன்னும் ஒன்றரை நாள். ஆபத்துக்கு ஒதுங்க, தளத்தின் இரு கோடியிலும் ஆளுக்கொரு அறை. இரண்டிலும் ஒரே அளவு ஆக்சிஜன் சிலிண்டர், ஆனால் வாங்கியது இரண்டு கம்பெனியில். கிழக்கறையில் முள் காட்டும் வட்டம்: கால், அரை, முக்கால். மேற்கறையில் தசம எண் காட்டும் திரை. ஒரே மாதிரி மாட்டுங்கள் என்று எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம்.

11:40
விண்கல் துண்டு நடுக்கூடத்தைப் பிளந்துவிட்டது. காற்று போகிறது. செல்வினுக்கு விலா எலும்பு முறிவு. அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டால், கலத்தில் வருகிறவர்கள்தான் திறக்க வேண்டும். பூமியில் பணியிலிருந்த நவநீதன் சார், காலைக் குறிப்பில் போன அளவுகளைப் பார்த்து ரேடியோவில் முடிவு சொன்னார்:
"கிழக்கே வெறும் கால்தான் இருக்கு. மேற்கே பாயிண்ட் நூத்தி இருபத்தஞ்சு. அடிபட்டவருக்கு அதிகம் இருக்கறதைக் குடுங்க. செல்வின் மேற்கே போகட்டும்."
நூற்று இருபத்தைந்து என்றதும் எனக்கும் பெரிதாகத்தான் பட்டது. மூச்சு முட்டும்போது யார் கணக்குப் போடுவது? அவனைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் மேற்கறையில் விட்டுவிட்டு, கிழக்கே ஓடினேன்.

14:10
உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. கால் என்பது 0.25. அதையே 0.250 என்று எழுதி, பக்கத்தில் 0.125 வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். மேற்கே இருப்பது அரைக்கால். என்னிடம் இருப்பதில் சரிபாதி. ஒரு நாள்கூடத் தாங்காது. கலம் வருவதற்குள் தீர்ந்துவிடும்.
நவநீதன் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சொன்னது:
"அவர்கிட்ட சொல்லாதீங்கம்மா. பதறினா காத்து இன்னும் சீக்கிரம் தீரும்."
என்ன அக்கறை, என்ன அக்கறை. ஒன்று, இரண்டு, ஐந்து என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லித் தொலைத்திருந்தால் போதுமே, பாவி மனிதா.

19:30
செல்வின் பேசினான்.
"அக்கா, பெரிய பங்கை எனக்கு விட்டுக்குடுத்துட்டீங்க. ஊருக்குப் போனதும் எங்க வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிடணும்."
வருகிறேன் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல.

நாள் 213, 04:30
"அக்கா, இங்க பாயிண்ட் சைபர் ரெண்டுதான் காட்டுது. எனக்கே இப்படின்னா, உங்களுக்குக் கம்மியாச்சே. மூச்சைச் சிக்கனமா விடுங்க."
உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அழவும் இல்லை. அழுதாலும் காற்றுதான் செலவு. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

07:40
மேற்கிலிருந்து பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்.
செல்வின்.
செல்வின்.
பூமியிலிருந்து நவநீதன் சார்:
"உங்க சிலிண்டர்ல இப்ப எவ்வளவு இருக்கும்மா?"
முள்ளைப் பார்த்தேன். சைபருக்கும் கால் கோட்டுக்கும் நட்டநடுவே நிற்கிறது. பதில் அனுப்பினேன்:
"பாயிண்ட் நூத்தி இருபத்தஞ்சு சார். உங்க கணக்குப்படி, நிறைய இருக்கு."