ஏழாம் குழாயில் அப்பா

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் ஊளை. மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே செப்புக் குழாய்க்குள் இருந்தால் ஊளையிடாமல் என்ன செய்யும்? சிற்பிக்கு இது புரிவதில்லை. கண்காட்சிக் கூடத்தின் கூரையிலிருந்து இருபது குழாய்களைத் தொங்கவிட்டாயிற்று. யாராவது அருகில் வந்து பேசினால் குழாய் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவர் வந்து நிற்கும்போது மெல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். கனவு அவருடையது, சர்க்யூட் என் தலையில். பதினான்காம் தேதி திறப்பு.

மார்ச் 5, வியாழன்

ஸ்பீக்கரைக் குழாயின் மேல் முனைக்கு மாற்றினேன். குழாய் பேசும்போது மைக் தானாக அணையும்படி செய்தேன். ஊளை நின்றது. சிற்பி முதல் முறையாகச் சிரித்தார்.

மார்ச் 6, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

மதியம் அப்பா சாப்பாடு கொண்டுவந்தார். ரிடையர் ஆனதிலிருந்து அவராகவே எடுத்துக்கொண்ட வேலை. நான் தடுப்புக்குப் பின்னால், ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குழாயாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஆளில்லை என்று நினைத்து அப்பா போனில் பேச ஆரம்பித்தார். ஏழாவது குழாய்க்கு நேர் கீழே.

எதிர்முனையில் ஒரு பெண் என்பது பேச்சிலேயே தெரிந்தது. "நீங்க பேசாத அன்னிக்கு வீடே ஒரு மாதிரி இருக்குங்க" என்றார் அப்பா. சிரித்தார். அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. பிறகு என்னைப் பற்றி அந்தப் பெண் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "அவ இருக்கா. இருந்தும்…" அதோடு நிறுத்திவிட்டார்.

இருந்தும் — என்ன? இருந்தும் என்னப்பா?

ஹெட்ஃபோனைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. "உப்பு கம்மியா?" என்று கேட்டார். "இல்லப்பா."

மார்ச் 7, சனி

தலைவலி மாத்திரை வாங்கத் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்கார அம்மாவின் போன் அடித்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கவிழ்த்து வைத்தார். அதற்குள் திரையில் அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டேன்.

மாதம் ஒரு தடவை வாங்கவேண்டிய பிரஷர் மாத்திரைக்கு அப்பா வாரம் ரெண்டு தடவை போய்வந்தாரே, அப்போதே உறைத்திருக்க வேண்டாமா? மண்டு.

மார்ச் 9, திங்கள்

சோதனையில் பதிவானதையெல்லாம் சிற்பி உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அப்பா பேசியதை நான் அழிக்க மறந்தேனா, அழிக்க மனசு வரவில்லையா, தெரியவில்லை.

"ஏழாவது குழாய்ல ஒரு பெரியவர் பேசுறாரே, யாரது?"

தெரியாது என்றேன். வாய் கூசாமல்.

"'அவ இருக்கா, இருந்தும்…' இதான் எனக்கு வேணும். திறப்பு அன்னிக்கு இருபது குழாயும் முதல்ல இதைத்தான் சொல்லணும்."



மார்ச் 10, செவ்வாய்

திறப்புக்குப் போட்டுக்கொள்ள அப்பா சட்டை தேய்த்து மாட்டிவிட்டார்.

மார்ச் 11, புதன்

சொல்லிவிட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"எவ்வளவு கேட்ட?"

"எல்லாமே."

"கழட்டி வச்சிருக்கலாமேம்மா."

சிற்பி கேட்டதையும் சொன்னேன். ஊரே நின்று கேட்கப்போகிறது என்று புரிந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதோடு வாயை மூடியிருக்கலாம். என்னால முடியல. "இருந்தும்னா என்னப்பா? நான் பத்தலையா?" அழுதுவிட்டேன்.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "நீ வர்ற, சாப்பிடுற, திரும்ப அந்த போர்டை எடுத்துக்கிட்டு உக்கார்ற. குறையா சொல்லல. உனக்கு உன் வேலை. எனக்குப் பேச ஒரு ஆள் வேணும்மா. அவ்ளோதான்."

அழித்துவிடு என்றுகூட அவர் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

அழித்தேன், சிற்பியின் கண்ணெதிரிலேயே. சர்க்யூட்டையும் மாற்றப்போகிறேன் என்றேன். இனி வார்த்தை எதுவும் தங்காது. குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் குழாய் பிடித்துத் திருப்பித் தரும்.

"உயிரையே உருவிட்டியே."

"அது எங்கப்பா பேசினது. அவரைக் கேக்காம எடுத்தது."

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்."

அது நியாயம்தான். தலையாட்டினேன்.

"வாசல் பலகையில உன் பேர் வராது."

"சரிங்க."

உருகிய சால்டர் ஈயம் ரெண்டு தடவை தப்பான இடத்தில் விழுந்தது. ஆனாலும் இருபதையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மார்ச் 14, சனி

பலகையில் என் பேர் இல்லை. தெரிந்துதான் போய்ப் பார்த்தேன். இருந்தாலும் வலித்தது. குழாய்கள் நன்றாகவே பாடின. சிற்பி என்னிடம் பேசவில்லை, ஆனால் கூட்டம் குறைந்த பிறகும் உள்ளேயே நின்றிருந்தார்.

அப்பா மருந்துக்கடை அம்மாவோடு வந்தார். அந்த அம்மா ஒரு குழாயடியில் நின்று ஏதோ முணுமுணுத்தார். என்னவென்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் ரெண்டு இடம்தான் காலி. அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் நிறுத்தம் வந்தது. அந்த அம்மாவின் வீடு இன்னும் தள்ளி. அப்பா எழுந்திருக்கவில்லை.

"நீ போம்மா. இவங்கள விட்டுட்டு வந்துடுறேன்."

"மெதுவா வாங்கப்பா."

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். கதவைச் சாத்தியிருக்கிறேன். தாழ்ப்பாள் போடவில்லை.