மஞ்சள் குடைக்கு அடுத்த இடம்

மார்ச் 14, வியாழன்

ஓடாலிஸுக்கு,

நலம் விசாரிக்கும் உரிமை எனக்கு இல்லை என்று விவாகரத்து அன்றே சொல்லிவிட்டாய். ஆகவே விசாரிக்கவில்லை. உன் தொலைபேசி எண்ணையும் நீ எனக்குத் தரவில்லை. நம் பக்கத்து வீட்டு மார்லென் வெள்ளிக்கிழமை விமானத்தில் அங்கே வருகிறாள். இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இருபத்திரண்டு வருடம் தர்க்கவியல் கற்பித்தவனுக்கு ஒருவழியாகத் தனி அறை கிடைத்தது. டீன் தாராளமாகக் கொடுத்தது உன் அறையை. 'மாணவர் மனநல ஆலோசனை' என்ற பலகையைக் கழற்ற முடியவில்லை, திருகாணிகள் துருவேறிவிட்டன. நீ விட்டுப்போன காப்பிக் கெண்டியும் ஒழுகுகிறது. உனக்குப் பதில் ஆள் போடவில்லை. நீ போனதையே மறந்துவிட்டார்கள்.

ஆனால் மாணவர்கள் வருகிறார்கள். மூடியாயிற்று என்று சொன்னால் தலையாட்டிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

நம் ஊர் வரிசை உனக்கு மறந்திருக்காது. வருகிறவர் 'கடைசி யாரு?' என்று கேட்க வேண்டும், கடைசியாக வந்தவர் கை தூக்க வேண்டும், அந்த முகத்தை நினைவில் வைத்துக்கொண்டால் எங்கு வேண்டுமானாலும் உட்காரலாம். போன வாரம் செவ்வாய் காலை, ஆளே இல்லாத நடைக்கூடத்தில் லியோஸ்பெல் என்ற முதலாண்டுப் பையன் அப்படிக் கேட்டான். சற்று நின்றான். யாருக்கோ தலையசைத்தான். பிறகு ஜன்னலோர இடத்தை விட்டு அடுத்ததில் உட்கார்ந்தான்.

மதியத்துக்குள் ஏழு பேர். ஜன்னலோரம் மட்டும் காலி. "உங்க வகுப்புக்கு என்னைக்காவது இவ்வளவு கூட்டம் வந்திருக்கா, ப்ரொஃபே?" என்றாள் டயாமி என்ற வாயாடி. அங்கே யார் என்று கேட்டேன். மஞ்சள் குடைக்காரியாம். அவள்தான் முதல் ஆளாம். அவள் உள்ளே போகாமல் யாரும் போக முடியாதாம்.

இந்தப் பிள்ளைகள் ஜனவரியில்தான் சேர்ந்தார்கள். உன்னிடம் வந்துகொண்டிருந்த நைரோவிஸை இவர்கள் பார்த்ததே இல்லை.

அக்டோபரில் நீ போன மறுநாள் நல்ல மழை. நான் உன் அறையை அளந்துகொண்டிருந்தேன். அவள் நனைந்த மஞ்சள் குடையோடு வந்து கடைசி யார் என்று கேட்டாள். "இங்க வரிசையே இல்ல. ஆளும் இல்ல. வீட்டுக்குப் போ" என்றேன். உன்மேல் இருந்த கோபம் அவள்மேல் விழுந்தது. அந்த ஞாயிறு விடுதியிலிருந்து அவளைத் துணியால் மூடித் தூக்கிப்போனார்கள். நான் சொன்னதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. குடையைப் பற்றியும்தான்.

நேற்று கதவைத் திறந்து அவள் பெயரைச் சொல்லி உள்ளே வரும்படி கூப்பிட்டேன். யாரும் எழவில்லை. ஏழு பேரும் என்னையே பார்த்தார்கள். ஜன்னலடியில் தரை நனைந்திருந்தது. மூன்று மாதமாக இங்கே மழையே இல்லை. லியோஸ்பெல்தான் மெதுவாகச் சொன்னான்: "அவ கேக்குறா ப்ரொஃபே, வரிசையே இல்லைன்னு சொன்னது நீங்கதானேன்னு."

எனக்குப் பயம் அவளிடம் இல்லை. இவனிடம். சாப்பிடுவதில்லை. தன் ஒரே நல்ல காலணியை டயாமியின் தம்பிக்குக் கொடுத்துவிட்டான், இனி தேவைப்படாதாம். இது எதற்கு அடையாளம் என்று நீ பலமுறை சொல்லியிருக்கிறாய், நான் சிரித்திருக்கிறேன். என்னோடு பேசு என்றேன். முந்திக்கொண்டு போவது தப்பு என்றான். மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். எழுந்தால் இடம் போய்விடுமாம். அவன் அறைத்தோழனை இரவும் பகலும் கூடவே இருக்கச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

திங்கள் காலை பத்து மணிக்குத் துறைத் தொலைபேசிக்குக் கூப்பிடு. எண் மாறவில்லை. வயரை இழுத்தால் நடைக்கூடம் வரை எட்டுகிறது, அளந்து பார்த்துவிட்டேன். ரிசீவரை ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடிக்கிறேன். முதலில் நைரோவிஸைக் கூப்பிடு, அந்தப் பழைய குரலில், அவசரப்படாமல். அவள் எழுந்ததும் லியோஸ்பெல். அவனோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. நான் பிடித்துக்கொண்டே நிற்பேன்.

இன்று காலை நானும் கடைசி யார் என்று கேட்டேன். டயாமி கை தூக்கினாள், இந்த முறை கேலி செய்யவில்லை. அவளுக்கு அடுத்து நான். உனக்கு நேரம் இருந்தால் மட்டும்.

அங்கே உனக்கு மழை அளவாகப் பெய்யட்டும்.

எவேலியோ